பின்பக்க ஜன்னல்

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

உன் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்களாம், வாயைத் திறக்க முடியாதாம். அதனால்தான் போன் செய்யாமல் எழுதுகிறேன். நீ குறுக்கே பேசாமல் என்னிடம் திட்டு வாங்கப்போவது இதுவே முதல் தடவை.

எவ்வளவு தலைபாடாய் அடித்துக்கொண்டேன், தனி ஆளாகக் கிளினிக் நடத்தாதே, விடிய விடிய உட்காராதே என்று. "தேடி வர்றவங்களை எப்படிக்கா திருப்பி அனுப்புறது" என்பாய். இப்போது ஒருவன் இரும்பு ஸ்டூலைத் தூக்கி உன் முகத்தில் இறக்கிவிட்டான். எனக்கு வருகிற ஆத்திரத்தில் அவன் கையை முறித்துப் போடுவேன். அடுத்தது உன் கையை.

குணமானதும் என் கிளினிக்குக்கு வந்துவிடு. காலையில் நான் பார்க்கிறேன், மதியத்துக்கு மேல் நீ. இங்கே ஒரே ஒரு கட்டுப்பாடுதான். தன் நேரம் இல்லாதபோது டாக்டர் கட்டடத்திலேயே இருக்கக் கூடாது. டோக்கன் தீர்ந்தால் தீர்ந்ததுதான். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் நர்ஸ் பார்த்து உள்ளே விடுவாள். அதில் நானே தலையிடுவதில்லை.

உன் அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டு வந்து சேர்ந்தது. வாயில் ஸ்ட்ராவோடு படித்தேன். சிரித்தால் உயிர் போகிறது, சிரிக்க வைக்காதே.

அவனை மட்டும் குறை சொல்லாதே. அவன் அம்மா தன் நெஞ்சுவலியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டியபடியே தூங்கிவிட்டேன். "எங்கம்மா சாகக் கிடக்கிறா, நீ தூங்குறியா" என்று கேட்டுவிட்டுத்தான் அடித்தான்.

உனக்கு யாரும் சொல்லாததைச் சொல்கிறேன். நான் எழுந்து அதே ஸ்டூலால் அவனைத் திருப்பி அடித்தேன். விழுந்த பிறகும் மிதித்தேன். விலா எலும்பு உடைகிற சத்தம் எனக்குத் தெரியாதா? அந்த அம்மாவே வந்து என் காலைப் பிடித்துக்கொண்டு, "போதும்பா, விட்டுடுப்பா" என்றாள். அதுவரை எனக்கு நன்றாகத்தான் இருந்தது அக்கா. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. இப்படியே போனால் ஒருநாள் யாரையாவது கொன்றுவிடுவேன்.

வருகிறேன். நீ சொல்கிறபடி இருக்கிறேன்.

உன் தம்பி


ஜூன் 20

தம்பி,

சொல்லிக்கொள்ளாமல் ஊருக்கு ஓடிவிட்டாய். போனையும் எடுக்கவில்லை.

நேற்றுக் காலை நீ வீட்டில் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நீ என்னடா என்றால், ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து, டோக்கன் கிடைக்காதவர்களைப் பின்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். கொஞ்ச நாளாகவே நடக்கிறதாம். நேற்று அது முன்னால் காத்திருந்தவர்கள் காதுக்குப் போனது. "டோக்கன் வாங்கின நாங்க இளிச்சவாயங்களா" என்று பின்பக்கம் பாய்ந்தார்கள். அங்கே நின்றவர்களின் சட்டையைப் பிடித்தார்கள், குத்தினார்கள், ஒருவன் தலையைக் கொண்டுபோய் ஜன்னலில் மோதினார்கள். தடுக்கப் போன நர்ஸுக்கு உடைந்த கண்ணாடி கிழித்துக் கன்னம் வாயோரம் வரை பிளந்துவிட்டது. நான் ஓடி வந்தபோது நீ ஒருவன் கழுத்தைச் சுவரோடு சேர்த்து நெரித்துக்கொண்டிருந்தாய். அவன் முகம் நீலம் பாரித்திருந்தது. உன் தலைமயிரைப் பிடித்து இழுத்துத்தான் அவனை விடுவித்தேன்.

உன்னை விரட்டிக்கொண்டு வராமல் அவள் கன்னத்துக்குத் தையல் போட உட்கார்ந்தேன். ஒவ்வொரு தையலுக்கும் உன்னைத் திட்டினேன்.

அக்கா


ஜூன் 24

அன்பு அக்காவுக்கு,

தப்புதான். ஜன்னலுக்கு வெளியே ஒரு குழந்தை விடாமல் இருமிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தேன், மறுநாள் இன்னொன்று வந்தது. முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. கடைசியில் கை நீண்டுவிடுகிறது.

ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிடு. இன்னொரு தடவை மட்டும் என்னைச் சேர்த்துக்கொள். நர்ஸிடம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்கிறேன். உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

உன் தம்பி


ஜூலை 2

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை நர்ஸிடம் படித்துக் காட்டினேன். தையல் பிரித்த கன்னத்தைத் தொட்டுக்கொண்டே கேட்டாள். "தம்பி டாக்டர் நல்லவருதான்மா. ஆனா அவர் வந்தா நான் வரமாட்டேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவள் லீவில் இருந்த நாட்களில் வாசலிலும் நானே நின்றேன், உள்ளேயும் நானே பார்த்தேன். ஒரு பெரியவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். கையை ஓங்கிவிட்டேன். அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அடி விழவில்லை, அவ்வளவுதான். அவள் இல்லாவிட்டால் நானும் உன்னைப் போலத்தான் ஆவேன்.

அதனால் அவளை வைத்துக்கொள்கிறேன். நீ வேண்டாம். கொஞ்ச காலம் நோயாளிகளே இல்லாத வேலை ஏதாவது பார். லேபில் சேர், பாடம் நடத்து, எதுவானாலும் சரி. யார் கழுத்தும் உன் கைக்கு எட்டக் கூடாது.

எனக்கு அழுகை வருகிறது, அது வேறு விஷயம். உன் சட்டைகளைத் துவைத்து இஸ்திரி போட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறேன். எடுத்துப்போக யாரையாவது அனுப்பு. நீ வந்து நின்றால் கதவைத் திறந்துவிடுவேன். நீ வராதே.

உன் அக்கா