மூன்று கம்பிகள்

2004 ஆகஸ்ட் 9, போசரி

நான்காவது நாளாக லேத்தும் லோடரும் பேச மறுக்கின்றன. திரையில் கேள்விக்குறியும் கட்டமுமாக வந்து கொட்டுகிறது. லேத்துக்கு ஒரு கண்ட்ரோலர். வார்ப்பை மேலிருந்து தூக்கி வந்து லேத்தின் கவ்வும் வாயான சக்கில் வைக்கிற இரும்புக் கைக்கு, அதாவது லோடருக்கு, பிஎல்சி என்கிற தனி மூளை ஒன்று. இரண்டுக்கும் நடுவில் மூன்றே கம்பி உள்ள சீரியல் கேபிள். சொல்ல ஒன்று, கேட்க ஒன்று, பொதுவாக ஒன்று. எங்கள் வீட்டில் எனக்கும் மிலிந்துக்கும் நடுவே இவ்வளவுகூட இல்லை, நாங்கள் குடித்தனம் நடத்தவில்லையா?

தானாஜி பிசாள் இன்றைக்கும் வந்து நின்று வேடிக்கை பார்த்தார். அந்த லேத்தை ஓட்டுகிறவர். பதினாறு வருஷ அனுபவம், வாய் மட்டும் சும்மா இருக்காது.

"என்ன மேடம், மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் பொண்ணு வீட்டுக்காரங்களும் இன்னும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான் இருக்காங்களா?"

சிரிப்பு வரவில்லை. சிரித்து வைத்தேன்.

ஆகஸ்ட் 11

பேசிவிட்டன. சரிபார்ப்பு பிட் லேத்தில் இரட்டைப்படை, பிஎல்சியில் ஒற்றைப்படை. இவ்வளவுதான் கோளாறு. இதற்கு ஆறு நாள். யாரிடமும் சொல்லப் போவதில்லை.

ஆகஸ்ட் 13

தானாஜிக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். லேத்தின் குமிழை மேனுவலுக்குத் திருப்பினால் அது கேபிள் வழியாக லோடருக்குத் தெரிந்துவிடும், மேலே தொங்கும் கை இறங்காது, தாராளமாகக் கையை விட்டுத் துடைக்கலாம் என்றேன்.

"எழுதிக் குடுத்துடுங்க மேடம். நாளைக்கு அது என் தலையில எறங்குச்சுன்னா என் பொண்டாட்டி யாரைப் போய்க் கேப்பா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். நான் நிஜமாகவே எழுதினேன். 'மேனுவலில் போட்ட பிறகே கையை உள்ளே விடவும்.' கீழே கையெழுத்து: உஜ்வலா. லேத்தின் கதவில் ஒட்டியிருக்கிறது.

இன்னொன்றும் செய்திருக்கிறேன். ஒவ்வொரு விநாடியும் பிஎல்சி லேத்தைக் கேட்கும்: இருக்கிறாயா? பதில் வராவிட்டால் லோடர் அப்படியே நின்றுவிடும். கேபிள் அறுந்தாலும் கழன்றாலும் ஆபத்தில்லை. இரண்டு நாள் வேலை அது. நிம்கர் சாகேப் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, நிமிஷத்துக்கு எத்தனை வார்ப்பு என்றுதான் கேட்டார். முதலாளி.

ஆகஸ்ட் 30

இன்று ஷிஃப்டில் பதினோரு தடவை நின்றது. பக்கத்து ஷெட்டில் வெல்டிங் போட்டால் கேபிளில் இரைச்சல் ஏறுகிறது, பதில் வந்து சேரவில்லை, லோடர் நிற்கிறது. உறை போட்ட நல்ல கேபிள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

சாகேப் காகிதத்தைப் படிக்காமலே மேஜையில் வைத்தார். "ஏம்மா உஜ்வலா, ஆளக் கொறைக்கத்தானே இத வாங்கினோம்? இப்ப இத ரீசெட் பண்றதுக்கே தனியா ஒரு ஆள் வெக்கணும் போலிருக்கே."

கேபிள் தீபாவளிக்கு அப்புறமாம்.

செப்டம்பர் 14

நாளை சாக்கணிலிருந்து, எங்களிடம் சரக்கு வாங்குகிற கம்பெனி ஆட்கள் வந்து லைனைப் பார்க்கிறார்கள். அவர்கள் முன்னால் ஒரு தடவைகூட நிற்கக் கூடாது என்றார் சாகேப். "எப்படிப் பண்ணுவியோ தெரியாது."

பண்ணிவிட்டேன். பதில் வராவிட்டால் நிறுத்து என்ற அந்த வரியை இன்று செயலிழக்கச் செய்தேன். இனி கேபிளில் பதில் வந்தாலும் வராவிட்டாலும் பிஎல்சி வந்ததாகவே எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் 'தற்காலிகம்' என்று குறிப்பு எழுதினேன். புதுக் கேபிள் வந்ததும் திரும்பப் போட வேண்டும். தானாஜியிடம் சொல்லவில்லை. ஒரு வரிக்கு ஊரைக் கூட்டியா சொல்வார்கள்?

செப்டம்பர் 15

ஒரு தடவைகூட நிற்கவில்லை. சாகேப் எல்லோருக்கும் பேடா கொடுத்தார். எனக்கு இரண்டு. தின்றேன்.

அக்டோபர் 4

கேபிள் வரவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 20, புதன்

நாளை கண்டே நவமி, மெஷின்களுக்கெல்லாம் ஆயுத பூஜை. மாலை ஷிஃப்டை ஒரு மணி நேரம் முன்னதாக நிறுத்திவிட்டு எல்லோரும் மெஷின்களைக் கழுவினார்கள். மண்ணெண்ணெய் நாற்றம் இன்னும் என் துப்பட்டாவில் இருக்கிறது. தானாஜி அவருடைய லேத்தை மாப்பிள்ளையாக்கிவிட்டார். கேபிளின் முனையைக்கூடப் பிடுங்கித் துடைத்துத் திரும்பச் செருகினார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அக்டோபர் 21

வியாழன் வாராந்திர விடுமுறை, ஆனால் பூஜைக்கு எல்லோரும் குடும்பத்தோடு வந்துவிட்டார்கள். தானாஜியின் மனைவி ஷைலாவை முதல் தடவையாகப் பார்த்தேன். புருஷனுக்குச் சரியான ஜோடி. "தெனமும் உங்க கதைதான் அக்கா வீட்டுல. அந்தம்மா மெஷினையே பேச வெச்சுட்டாங்க, உன்னால என்னை ஒரு நிமிஷம் பேசாம இருக்க வெக்க முடியலையேன்றாரு." சாமந்தி மாலையைச் சக்கிலேயே சுற்றிக் கட்டினார்கள். தசரா முடிந்து சனிக்கிழமை காலை முதல் பொத்தானை சாகேப்தான் அமுக்குவார். வருஷா வருஷம் அப்படித்தான்.

அக்டோபர் 23

தானாஜியின் கை.

அக்டோபர் 24

எழுதுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கே மாற்றி நினைக்க ஆரம்பித்துவிடுவேன்.

நேற்றுக் காலை எட்டு மணி. தசராவுக்குத் தங்கம் என்று சொல்லிக் கொடுக்கிற ஆப்டா இலையைத் தானாஜி எனக்குக் கொடுத்தார். "தங்கம் வாங்கிக்குங்க மேடம், நேத்து லீவுல குடுக்க முடியல." மேலே லோடரின் கையில் புதனன்று தூக்கிய வார்ப்பு அப்படியே இருந்தது. சாகேப் லோடர் பக்கம் தேங்காய் உடைத்தார். தானாஜி லேத் பக்கம் வாடிய மாலையை எடுக்கக் கதவைத் திறந்து கையை விட்டார். சாகேப் பொத்தானை அமுக்கினார். லோடரின் கை இறங்கியது.

வலது கை. வார்ப்புக்கும் சக்குக்கும் நடுவில்.

எல்லோரும் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் ஓடவில்லை. அங்கேயே நின்று பார்த்தேன். லேத்தின் திரையில் மேனுவல் என்றுதான் இருந்தது. குமிழும் மேனுவலில். நான் சொன்னபடியே செய்திருக்கிறார். கேபிளின் முனை பாதி கழன்று தொங்கியது — புதனன்று செருகியவர் இரண்டு பக்கத் திருகாணியை முடுக்கவில்லை. லேத் 'மேனுவல், மேனுவல்' என்று கத்திக்கொண்டு இருந்திருக்கிறது, இந்தப் பக்கம் எதுவும் வரவில்லை. பிஎல்சிக்குள் பேட்டரி இருக்கிறது, மின்சாரத்தை நிறுத்தினாலும் கடைசியாகக் கேட்டதை வைத்துக்கொள்ளும். புதன் மாலை கடைசியாகக் கேட்டது: ஆட்டோவில் இருக்கிறேன், சக் காலி, வார்ப்பை வை. அதைத்தான் செய்தது.

என் வரி இருந்திருந்தால் ஒரு விநாடி பதில் இல்லையென்று அசையாமல் நின்றிருக்கும்.

பிறகு நான் செய்ததையும் எழுத வேண்டும். கேபிளைச் செருகினேன், முடுக்கினேன். லேப்டாப்பைத் திறந்து அந்த வரியைத் திரும்பப் போட்டேன். 'தற்காலிகம்' என்பதை அழித்தேன். குமிழை ஆட்டோவுக்குத் திருப்பினேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இன்னொருத்தருக்கு இப்படி ஆகிவிடக் கூடாதே என்றுதான் செய்தேன் என்று நேற்றெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்படியானால் குமிழை எதற்குடி திருப்பினாய்?

அக்டோபர் 25

மூன்று விரல். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம்.

அக்டோபர் 27

தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். தலை நரைத்த, மரியாதையான மனிதர். காலையில் கிளம்பும்போது மிலிந்த் சொன்னான்: "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு. நீயா எதையும் எடுத்துக் குடுக்காத."

சாகேப் அவரிடம் சொன்னது: "பழைய ஆளு சார், அந்தத் திமிருதான். மேனுவல்ல போடாமலே கைய விட்டுட்டான். கதவுல எழுதியே ஒட்டியிருக்கு, பாருங்க."

என் கையெழுத்தைப் பார்த்தார். பிஎல்சியை இயக்கச் சொன்னார். கேபிளைப் பிடுங்கிக் காட்டினேன், லோடர் ஒரு விநாடியில் நின்றது. "நல்லா எழுதியிருக்கீங்கம்மா" என்றார்.

பிறகு கேட்டார்: "அந்த நேரம் லேத் எந்த மோடுல இருந்துச்சு? நீங்க பாத்தீங்களா?"

"நான் அந்தப் பக்கம் இருந்தேன் சார். கவனிக்கல."

ஆறு வார்த்தை.

நவம்பர் 16

தானாஜி வீட்டிலிருந்து தீபாவளிப் பலகாரம் வந்துவிட்டது. சக்லி, கரஞ்சி, டப்பா நிறைய. எனக்கு, அவர்கள் வீட்டிலிருந்து! போகாமல் இருக்க முடியவில்லை, போனேன்.

கையைத் துண்டால் மூடி வைத்திருந்தார். முகம் சுருங்கிப் போயிருந்தது. அவரேதான் பேச்சை எடுத்தார்.

"மேனுவல்ல போட்டேன்னுதான் மேடம் நெனைச்சேன். எல்லாரும் போடலைன்றாங்க. குமிழும் ஆட்டோவுலதான் இருந்துச்சாமே. அப்ப நான்தான் போடலை போலிருக்கு. பதினாறு வருஷத்துல இப்படி மறந்ததில்ல." துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: "எவ்வளவு கஷ்டப்பட்டு அதுங்கள பேச வெச்சீங்க. உங்க மெஷினுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன். மன்னிச்சுக்குங்க."

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். டீ குடித்தேன். சீ, நானும் ஒரு மனுஷியா.

2005 ஜனவரி 19

அஜாக்கிரதை என்று காரணம் காட்டி அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் என்னைக் கேட்டாள்: "மேடம், மேனுவலுக்கு இங்க்லீஷ் ஸ்பெல்லிங் சரியா இருக்கா பாருங்க." பார்த்தேன். சரியாக இருந்தது.

பிப்ரவரி 3

புதுக் கேபிள் வந்தது. நானே மாட்டினேன்.

ஏப்ரல் 11

இந்த நோட்டை இரண்டு மாதமாகத் திறக்கவில்லை. பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். மிலிந்த் கண்டுபிடித்துவிட்டான், படிக்கவும் படித்தான். கோபப்படவில்லை. "எரிச்சுடு" என்றான். பிறகு, "இல்ல, உன் இஷ்டம்" என்றான்.

எரிக்கவில்லை. யாரிடமும் கொடுக்கவும் இல்லை.

ஜூன் 19

ஷைலாவைச் சந்தையில் பார்த்தேன். மேத்திக் கீரையைக் கையில் பிடித்தபடி நடு வழியிலேயே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"கேஸ் போட்டிருக்கோம் அக்கா. இவரு வேணாம்னாரு. என் தப்புக்கு எதுக்குடி கேஸுன்னாரு. நான்தான் யூனியன் ஆபீசுல போய்க் கையெழுத்துப் போட்டேன். வக்கீல் சொல்றாரு, சாட்சி இல்லாம நிக்காதுன்னு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "தூக்கத்துல இடது கைய இப்படித் திருப்பித் திருப்பிப் பாக்குறாரு அக்கா. போட்டேனா, போடலையான்னு கேக்குறாரு. நான் என்னத்தச் சொல்ல? போட்டுத்தான் இருப்பீங்கன்னு சொல்றேன். நம்ப மாட்டேங்குறாரு."

வெறும் மணிக்கட்டைக் காற்றில் திருப்பிக் காட்டினாள். குமிழ் திருப்புகிற அதே திருப்பு. இடமிருந்து வலம்.

ஜூன் 20

இன்று மதியம் இந்த நோட்டை யூனியன் வக்கீலிடம் கொடுக்கப் போகிறேன். கம்ப்யூட்டரில் நான் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை, இதில்தான் இருக்கிறது. செப்டம்பர் 14, அக்டோபர் 24, 27. நடுவில் எங்கள் வீட்டுக் கதையும் இருக்கிறது, அதையும் படிப்பார்கள். படிக்கட்டும். பக்கம் கிழிக்கவில்லை. கிழித்தால் மற்றதையும் நம்ப மாட்டார்கள்.

மிலிந்திடம் சொல்லிவிட்டேன். டிபன் டப்பாவைக் கட்டிக் கொடுத்தான்.

2006 மார்ச் 8

நோட்டு இன்று திரும்பி வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் கோர்ட் முத்திரை. செப்டம்பர் 14க்குக் கீழே யாரோ சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார்கள். அன்று நான் உள்ளே வைத்த ஆப்டா இலை நடுவிலேயே இருக்கிறது, அதற்கும் எண் போட்டு ஒட்டியிருக்கிறார்கள்.

தானாஜிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்து ஒரு வாரம் ஆகிறது. வேலையைத் திரும்பக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள், ஸ்டோரில் உட்காருவார். நிம்கர் சாகேப் என்னை ஜூனிலேயே அனுப்பிவிட்டார். என் மேல் தனியாக வழக்கு நடக்கிறது, அடுத்த மாதம் வாய்தா. அது வர வேண்டியதுதான்.

நோட்டை வாங்கப் போன இடத்தில் தானாஜியும் இருந்தார், இடது கையால் ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு. எழுத்து சின்னப் பிள்ளை எழுத்து மாதிரி இருந்தது. என்னைப் பார்த்ததும் போட்டு முடித்துவிட்டு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். ஒரு கேலி இல்லை, மாப்பிள்ளை வீடு பொண்ணு வீடு இல்லை.

"அந்த வரிய நீங்க எடுத்தது எனக்குப் புரியுது. சாகேப் எப்படி நச்சரிப்பாருன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். "ஆனா நான் மேனுவல்ல போட்டேன்னு உங்களுக்குத் தெரியும். எட்டு மாசம் அது எனக்குத் தெரியாது, மேடம்."

ஷைலா வாசலில் காத்திருந்தாள். இரண்டு பேரும் பஸ் பிடிக்கப் போனார்கள்.