காலி என்று எழுதின குழாய்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது,

இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்பளவில் நலம். நீயும் அந்த இரைச்சல் பிடித்த இன்ஜின் அறையில் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நலமாக இருக்க வேண்டும். உடம்பளவில் என்று எழுதியதை நீ பிடித்துக்கொள்வாய், அதனால் சுற்றி வளைக்கவில்லை. உன் மாமா பத்து நாளாக என்னோடு பேசவில்லை. உன் அம்மா பேசுகிறாள், ஆனால் தட்டை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் பேசுகிறாள். வரும் வியாழக்கிழமை எனக்கு விசாரணை. உன் கப்பல் கரையைத் தொட்டதும் அம்மா போனில் பாதிக் கதை சொல்வாள், மீதிப் பாதியை அழுகையில் முடித்துவிடுவாள், நீயும் யார் பக்கம் என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுவாய். அதற்கு முன்னால் முழுதும் என் கையால் எழுதி அனுப்பிவிடுகிறேன்.

எங்கள் யார்டுக்கு உடைக்க வந்திருப்பது கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு விமானம் தாங்கிக் கப்பல். கப்பலோடு அதன் சரித்திரமும் நாலு இரும்புப் பெட்டி நிறையக் காகிதமாக வந்தது. முப்பத்தெட்டு வருஷம் ஓடியிருக்கிறது. கட்டினவன் வேறொரு நாட்டுக்காரன், பதினோரு வருஷம் வைத்திருந்து விற்றான், வாங்கினவர்கள் பெயரை மாற்றினார்கள். முதலில் சுழல்விசிறி விமானங்கள், அவற்றுக்குப் பெட்ரோல். பிறகு ஜெட், அதற்கு மண்ணெண்ணெய் மாதிரி ஒன்று. கடைசியில் ஹெலிகாப்டர் மட்டும். ஒருமுறை மேல்தளத்தில் தீ. ஒருமுறை புயலுக்குப் பிறகு தீவுகளுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோய், திரும்பும்போது ஆயிரத்து இருநூறு பேரை ஏற்றி வந்தது. சண்டைக்கென்று கட்டினது, ஆனால் சண்டையில் ஒரு குண்டு போட்டதாகக் காகிதத்தில் இல்லை. அதைக் கேட்டுவிட்டு உன் மாமா, நம்ம தெருநாய் மாதிரிதான் மச்சான், கடிச்சதே இல்ல, சைஸுதான் பெரிசு என்றான். அப்போது பேசிக்கொண்டிருந்தோம். என் வேலை உனக்குத் தெரியும், ஒவ்வொரு அறைக்குள்ளும் நான் மீட்டரோடு இறங்கி, தீப்பிடிக்கும் வாயு இல்லை என்று பார்த்துச் சீட்டு எழுதினால்தான் உன் மாமாவும் அவன் ஆட்களும் அங்கே டார்ச்சைப் பற்றவைத்து இரும்பை வெட்டலாம். என் சீட்டை நம்பித்தான் அவன் நெருப்பு வைக்கிறான்.

மூன்றாவது பெட்டியைத் திறந்தது ஒரு திங்கட்கிழமை. பத்தொன்பது வருஷத்துக்கு முன் அந்தக் கப்பலுக்கு நடந்த பெரிய பழுதுபார்ப்பின் தாள்கள். தேடித்தான் திறந்தேன், ஏனென்றால் அந்த வேலையில் நானும் இருந்தேன். டிப்ளமா முடித்து ஐந்து வருஷம், குழாய்ப் பிரிவில் டெக்னீஷியன், எனக்குத் தெரியாதது இல்லை என்ற நினைப்பு. பெட்ரோல் விமானங்கள் போய்விட்டதால் பெட்ரோல் குழாய்களைக் கழற்றிக்கொண்டிருந்தோம். கழற்ற முடியாத குழாயை வடித்து, நீராவி விட்டுக் கழுவி, சோதித்து, அதற்கப்புறம்தான் இரண்டு முனையையும் தகடு போட்டு மூட வேண்டும். கடைசிக் குழாய்க்கு வரும்போது நீராவி நின்றுபோனது. மறுநாள் காலை கப்பலை மிதக்கவிட டாக்கில் தண்ணீர் விடப்போகிறார்கள். தகட்டைப் போடுப்பா, நாளைக்குப் பாத்துக்கலாம் என்றார் சூப்பர்வைசர். போட்டேன், முனைக்கு எட்டு போல்ட். தாளில் காலி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மறுநாள் நான் போவதற்குள் அந்த இடத்தைப் பலகை வைத்து அடைத்துப் பெயிண்டும் அடித்துவிட்டார்கள். சூப்பர்வைசர் செத்து எட்டு வருஷம் ஆகிறது, அவர் தலையில் கட்ட மாட்டேன், ஸ்பேனர் என் கையில்தான் இருந்தது. புயலில் தவித்த ஜனங்களை ஏற்றி வந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. பேப்பரில் படம் வந்தபோது உன்னை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை மட்டும் படிக்காமல் திருப்பினேன்.

அந்தத் தாளைப் பார்த்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. குழாய் மூடியிருப்பதால் அறையில் மீட்டர் பூஜ்யம்தான் காட்டும், டார்ச் பட்டால்தான் தெரியும், தெரியும்போது பார்க்க ஆள் இருக்காது. ஆனாலும் லைசென்ஸ் போய்விடுமே என்ற பயம். குழாய் உன் மாமா வெட்டும் அறைக்கு அடுத்த அறையின் இடது சுவரில் இருக்கிறது, அங்கே வெட்ட இன்னும் நாலு நாள் ஆகும், அதற்குள் சத்தமில்லாமல் ஏதாவது செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மானேஜரிடம் மட்டும் அன்றைக்கே, அங்கே பழைய பெட்ரோல் இருக்கலாம் என்று யாரோ சொல்லக் கேட்டேன், அந்த அறையை நிறுத்தி வையுங்கள் என்றேன். யாரோனா யாரு என்றார். வெளியே வந்துவிட்டேன். திங்கள், செவ்வாய், புதன். வியாழன் காலை என்னைக் கூப்பிட்டு, மீட்டரும் பூஜ்யம், காகிதமும் சுத்தம், நீங்க சீட்டுத் தரலேனா வேற ஆளை வெச்சு வாங்கிக்கறேன் என்று அந்தத் தாளையே என் முன்னால் போட்டார். பாருங்க, காலினு ஒருத்தன் கையெழுத்துப் போட்டிருக்கான், உங்களைவிட அவனுக்குத் தெரியாதா என்றார். அந்த ஒருத்தன் நான்தான் சார் என்றேன். சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

டார்ச் எல்லாவற்றையும் அணைத்து, பொறி பறக்காத பித்தளை ஸ்பேனரோடு நானும் உன் மாமாவும் இறங்கினோம், மேலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். இடது சுவரில் பலகையை எடுத்தால் ஒன்றும் இல்லை. வெறும் இரும்பு. மேலேயிருந்து ஒருவன், என்னய்யா பெட்ரோல் பங்க் தொறந்தாச்சா என்று கத்தினான், எல்லோரும் சிரித்தார்கள். நான் அதற்குள் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தேன், ஏனென்றால் அங்கே இல்லை என்றால் வலது சுவரில் இருக்கிறது, பத்தொன்பது வருஷத்தில் எனக்குப் பக்கம் மாறிப்போயிருக்கிறது, வலது சுவருக்கு அந்தப் பக்கம் உன் மாமா மூன்று நாளாக வெட்டிக்கொண்டிருந்த அறை. அதற்குச் சீட்டு எழுதினதும் நான்தான். வலதுபக்கப் பலகையை எடுத்தோம். குழாய் இருந்தது. அடி போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தினேன், வாடை முகத்தில் அடித்தது, பிறகு சொட்டுச் சொட்டாக வந்தது. மொத்தம் இரண்டு வாளி. உன் மாமா சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனான், நானும் போனேன். புதன்கிழமை சாயங்காலம் அவன் வெட்டி நிறுத்தின கோட்டுக்கும் குழாய் இருக்கும் இடத்துக்கும் நடுவே கையை விரித்து வைத்தான். ஒரு சாண். எப்ப மச்சான் உங்களுக்குத் தெரியும் என்றான். திங்கட்கிழமை என்றேன். மூணு நாளா என்றான். அவ்வளவுதான், அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய கையெழுத்தை விசாரணை அதிகாரிகள் மன்னித்துவிடுவார்கள் என்கிறார் மானேஜர், சின்ன வயசு, மேலதிகாரி சொன்னது, நீங்களாகவே வந்து சொன்னீர்கள். அந்த மூணு நாளை மட்டும் வாயில எடுக்காதீங்க, வியாழன் காலையிலதான் ஞாபகம் வந்துச்சுனு சொல்லிடுங்க, எல்லாருக்கும் நல்லது என்கிறார். அவரிடம் நான் திங்கட்கிழமையே சொன்னதும் அதோடு மறைந்துவிடும், அது அவருக்கு நல்லது. உன் அம்மாவும், லைசென்ஸ் போனா இந்த வயசுல யாரு உங்களுக்கு வேலை குடுப்பா, ஒரு நாளைக்கு அந்த வாயைக் கட்டி வைங்க என்கிறாள். அவள் சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை, நேற்று வரைக்கும் அப்படியே சொல்லிவிடலாம் என்றுகூட இருந்தேன். ஆனால் உன் மாமாவையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் அன்று காலை என்றால் அவனும் அன்று காலை என்பான், என் முகத்தைப் பார்க்காமல், தன் அக்காவுக்காகச் சொல்வான். எரிந்துபோகவிருந்தவனையே எனக்காகப் பொய் சொல்ல வைப்பதா? அதனால் மூன்று நாள் என்றுதான் சொல்லப்போகிறேன். நான் தைரியசாலி இல்லை, அது இந்த விஷயத்தில் நிரூபணமாகிவிட்டது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். இதை இன்றே தபாலில் சேர்த்துவிடுவேன், வியாழக்கிழமை அந்த அறையில் என் நாக்குப் புரண்டாலும் நீ படிக்கப்போகும் இந்தக் காகிதத்தை நான் திரும்ப வாங்க முடியாது.

நீ நீண்ட ஆயுளோடும் நல்ல பெயரோடும் இருக்க வேண்டும். அம்மாவுக்குப் போன் செய்யும்போது என்னைப் பற்றிச் சண்டை போடாதே, முதலில் மாமாவிடம் பேசு. காதடைப்பான் இல்லாமல் இன்ஜின் அறைக்குள் போகாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
சனி, தபால்பெட்டி திறப்பதற்கு அரை மணி முன்