ஞாயிறு அறுவடை

செப்டம்பர் 11, 2018 — செவ்வாய்

குடைமிளகாய் சுட்டுத் தோலுரித்து, கத்தரிக்காயோடு சேர்த்துக் கிண்டி, குளிர்காலத்துக்கு வேண்டிய அத்தனை ஜாடியும் நிரப்பியாயிற்று. நகக்கண்ணெல்லாம் கரி.

கிளிகேரியா உதவிக்கு வந்திருந்தாள். உதவிக்கா? உபதேசியார் நெகுலாயின் மனைவி அவள். கோயிலில் மெழுகுவத்தி விற்கிறாள். காசு வாங்கும்போதே வந்தவளின் குடும்பக் கதையையும் வாங்கிக்கொள்ளுவாள்.

கரண்டியை நிறுத்தாமலே சொன்னாள்: "எங்க பொண்ணு மிஹாயேலா, க்ளூஜ் சந்தையில ஒங்க திபியப் பாத்தாளாம் சாமியாரம்மா. கூட ஒரு சிநேகிதன். ஒரே கூடைய ஆளுக்கொரு பக்கமா புடிச்சிக்கிட்டுப் போனாங்களாம்."

"கூடை கனமா இருந்திருக்கும்" என்றேன்.

"ரெண்டு கட்டு வெங்காயத்தாள்தான் இருந்துச்சாம்."

பிறகு உப்பு பார்க்கிறேன் என்று ரொட்டியில் தடவித் தடவி அரை ஜாடியைத் தின்றுவிட்டுப் போனாள். இவளுக்கு என்ன தெரியும்? எவ்வளவு தெரியும்?

எனக்குத் தெரியும். ஈஸ்டர் முடிந்து என் மகன் திபியைப் பார்க்க க்ளூஜ் நகரத்துக்குப் போனபோதே தெரிந்துகொண்டேன். அந்த வீட்டில் இருப்பது ஒரு படுக்கையறை. ரெமுஸ் என்கிற அந்தப் பையன் என்னைப் பார்த்ததும் கையில் இருந்த கோப்பையைப் போட்டு உடைத்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. திபியும் சொல்லவில்லை. கிளம்பும்போது பேருந்து நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் விடவேயில்லை. அவ்வளவுதான்.

ஊர்க் கோயில் குருவான என் கணவர் வலேரியனிடம் மூச்சு விடவில்லை. எப்படி விடுவது? மூன்று வருடம் முன்னால் கோயில் வாசலில் மேசை போட்டு, "கல்யாணம் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுது" என்று ஊராரிடம் கையெழுத்து வாங்கியவரே இவர்தானே.

அந்தக் கையெழுத்தெல்லாம் சேர்ந்து இப்போது வாக்கெடுப்பாக வந்து நிற்கிறது. அக்டோபர் ஆறும் ஏழும்.


செப்டம்பர் 14 — வெள்ளி

வட்டாரத் தலைமைக் குரு காரில் வந்து இறங்கினார். சிலுவைத் திருநாள், ஒருசந்தி, இறைச்சி கிடையாது. சோளக்களியும் அவரைக்காயும்தான் வைத்தேன். மனிதர் முகம் சுளித்துக்கொண்டே மூன்று தட்டு சாப்பிட்டார்.

"வலேரியன் சாமி, ஞாயிறு பூசை முடிஞ்சதும் ஒரு ஆள்கூட வீட்டுக்குப் போகக் கூடாது. கொடி, திருப்படத்தோட பவனியா பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. அங்கதான வாக்குப் பெட்டி. முப்பது சதவீதம் பேரு வரலன்னா வாக்கெடுப்பே செல்லாது, தெரியுமில்ல?"

"தெரியும் சாமி."

"டவுன் பெரிய கோயில் இடம் காலியாவுது. நா சொல்லிட்டேன்னு வெளிய சொல்லாதீங்க."

இவர் தலையை ஆட்டினார். சந்தோஷமாகவா, பயந்தா? முப்பது வருடம் கூட வாழ்ந்தும் அந்தத் தாடிக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை.


செப்டம்பர் 19 — புதன்

இவர் கைபேசியை எடுத்துக்கொண்டு திராட்சரச நிலவறைக்குள் இறங்குகிறார். நேற்றும் இறங்கினார், இன்றும். கேட்டால் பீப்பாய் கழுவுகிறாராம். தண்ணீர்ச் சத்தம் எங்கே?

காற்றுத் துவாரத்துக்குப் பக்கத்தில் கோழிக்குத் தீனி போடுகிற மாதிரி குனிந்து நின்றேன். கோழிகள் சந்தேகமாகப் பார்த்தன, அந்த நேரத்துக்கு அவற்றுக்கு நான் தீனி போட்டதே கிடையாது. ஒரு வாக்கியம் மட்டும் தெளிவாகக் கேட்டது:

"அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். அவ தாங்க மாட்டா."

அம்மாவுக்கு! அப்படியானால் அந்தப் பக்கம் பேசியது திபி. எதை நான் தாங்க மாட்டேன்? இவருக்குத் தெரிந்துவிட்டதா? கிளிகேரியா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க மாட்டாள். பிள்ளையிடம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார் இந்த மனுஷன்?


செப்டம்பர் 23 — ஞாயிறு

மேலிடத்துச் சுற்றறிக்கையைப் பூசையில் வாசித்தார். மருந்துச் சீட்டு வாசிப்பதுபோல. முடித்துவிட்டு அவருடைய வழக்கமான விஷயத்துக்குத் தாவினார்: ஞாயிற்றுக்கிழமை வேலை செய்கிற பாவம். பிளம் பறித்த கோஸ்தாகேவை எழுப்பி நிறுத்தி, "மகனே, கடவுளே ஏழாம் நாள் உக்காந்துட்டாரு. ஒனக்கு என்ன அவரவிட அவசரம்?" என்றார். ஊரே சிரித்தது.

ஊரில் எல்லாரும் இவருக்கு 'மகனே', 'மகளே'. குடிகாரன்கூட மகனே. பெற்ற மகன் மட்டும்தான் 'தடிமாடு'. சின்ன வயதில் திபி என்னிடம் கேட்டிருக்கிறான், "ஏம்மா அப்பா என்ன மட்டும் திட்டுறாரு?" என்று. "வெளியாள அவர் திட்ட மாட்டாருடா" என்றேன்.


செப்டம்பர் 27 — வியாழன்

திபியைக் கூப்பிட்டேன். ஒவ்வொரு வருடமும் அக்டோபர் முதல் வாரக் கடைசியில் அறுவடைக்கு வந்துவிடுவான். அவன் வராமல் கோயில் தோட்டத்துத் திராட்சை கூடையேறியதே இல்லை.

"இந்த வருஷம் வரலமா."

"ஏன்? மாடு கன்னு போடுதா? ஒன்னவிட்டா ஊர்ல வேற கால்நடை டாக்டரே இல்லையா?"

"அப்பாதான் வர வேண்டாம்னாரு."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்டால் அவன் சொல்லிவிடுவான், சொன்னால் நான் அழுதுவிடுவேன்.

வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெற்ற பிள்ளையை. டவுன் கோயிலுக்காக. அடப்பாவி மனுஷா.


அக்டோபர் 1 — திங்கள்

இவருக்குத் தனிக் களி, எனக்குத் தனிக் களி. என்ன கோபம் என்று இவர் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? குற்றமுள்ள நெஞ்சு.


அக்டோபர் 3 — புதன்

கேட்டேவிட்டேன். "அவன எதுக்கு வர வேண்டாம்னீங்க?"

வானத்தைப் பார்த்தார். இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் வானத்தைப் பார்க்கிறார். "இந்த வாரம் அவன் இங்க இருந்தா நல்லதில்ல, அக்லையா."

"யாருக்கு நல்லதில்ல?"

சட்டியைக் கழுவப் போனேன். பின்னாலேயே வந்தார்.

"ஒண்ணு சொல்றேன் கேளு. சனி, ஞாயிறு நீ வாக்குப் போடப் போகாத. வீட்லயே இரு."

ஓஹோ. இப்போது புரிகிறது. எனக்குத் தெரியும் என்பது இவருக்கும் தெரிந்துவிட்டது. சாமியாரம்மா போய் 'இல்லை'யில் முத்திரை குத்திவிட்டால் டவுன் கோயில் போச்சே! அதனால் என்னைப் பூட்டி வைக்கிறார்.

தொலைக்காட்சியிலும் அதையேதான் சொல்கிறார்கள். வீட்டில் இருங்கள், அதுதான் எதிர்ப்பு, போய் 'இல்லை' குத்தினாலும் வந்த ஆள் கணக்கில் சேர்ந்துவிடும் என்று. நான் நம்பவில்லை. வீட்டில் கிடப்பவளுக்கும் எதிர்ப்பவளுக்கும் என்ன வித்தியாசம்? யார் வந்து என்னைக் கேட்பார்கள்? ஒரே கட்சி ஆண்ட அந்தக் காலத்தில் நாங்கள் எல்லாரும் வரிசையில் நின்று போட்ட சீட்டில் 'ஆம்' தவிர வேறு ஒன்றும் கிடையாது. உடம்பு முடியாமல் கிடந்த என் அப்பா படுக்கைக்கே பெட்டி வந்தது. 'இல்லை' என்று ஒரு கட்டத்தைக் கண்ணால் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். எனக்கு அந்தக் கட்டம் கிடைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து சோளம் உரிப்பேனா?


அக்டோபர் 6 — சனி

போட்டேன்.

நல்ல ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு, இவர் ஒரு வீட்டுக்கு ஜெபம் செய்யப் போன நேரம் பார்த்துப் போனேன். பள்ளிக்கூடத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மேசையில் இருந்த பெண், "வாங்க சாமியாரம்மா! சாமி எப்ப வராரு?" என்று எழுந்தே நின்றுவிட்டாள்.

மறைப்புக்குள் போய் 'இல்லை' மேல் முத்திரையை அப்படி அழுத்தினேன், மேசை ஆடியது. திபிக்காக. அந்தக் கோப்பையைப் போட்டு உடைத்த பையனுக்காகவும். என் அப்பாவுக்காகவும் என்று வைத்துக்கொள்.

வெளியே கிளிகேரியா. "இன்னிக்கேவா? நாளைக்குப் பவனியாத்தான போறோம்?"

"நாளைக்குக் கால் வலிக்கும்" என்றேன்.


அக்டோபர் 7 — ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கோயில் நிரம்பியிருந்தது. கொடியும் திருப்படமும் வாசலில் தயார். நெகுலாய் புதுச் சட்டையில். நான் பெண்கள் பக்கம் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இப்போது ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். என் பிள்ளையைப் பற்றி, பேர் சொல்லாமல், எல்லாருக்கும் புரிகிற மாதிரி. கடைசி ஆசீர்வாதம் கொடுத்துவிட்டு இவர் வாசலைப் பார்த்தார். வெளியே நல்ல வெயில்.

"பிள்ளைகளே, மழை வருது" என்றார்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என் முழங்கால் சொல்லுது. பெரிய மழை. கொடியில இருக்கிற பழத்த நனைய விட்டா ஒரு வருஷ உழைப்பு அழுகிப் போயிடும். திராட்சையும் கடவுளோடதுதான். அதனால இன்னிக்கு மட்டும், இந்த ஒரு ஞாயிறு மட்டும், பறிக்கிறதுக்கு நான் ஆசீர்வாதம் தரேன். பாவம் இருந்தா என் தலையில. எல்லாரும் தோட்டத்துக்குப் போங்க. பொழுது சாயிற வரைக்கும் யாரும் ஊருக்குள்ள திரும்பக் கூடாது."

கோஸ்தாகேதான் முதலில் வாயைத் திறந்தான். "சாமி, நிஜமாவா?"

"ஒனக்கு இன்னுமா அவசரம் வரல, மகனே?"

ஐயோ, அந்தச் சிரிப்பு! பெண்கள் அங்கேயே செருப்பை மாற்றிக்கொண்டு ஓடினார்கள். நெகுலாய் மட்டும் கொடியைப் பிடித்துக்கொண்டு, "சாமி, பவனி... பள்ளிக்கூடம்..." என்றான். இவர் கொடியை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு கூடையை அவன் கையில் கொடுத்தார்.

கோயில் தோட்டத்தில் இவரும் நானும் எதிரெதிர் வரிசையில் பறித்தோம். அங்கியை இடுப்பில் சொருகியிருந்தார்.

"என்ன பண்றீங்க நீங்க?"

"திராட்ச பறிக்கிறேன்."

"வலேரியன்."

குலையை வெட்டுவதை நிறுத்தினார். "திபி ஜூலையிலேயே எங்கிட்ட சொல்லிட்டான். நிலவறையில வச்சித்தான். மூணு நாள் நான் அவன்கிட்ட பேசல. அப்புறம் நானே கூப்பிட்டேன். அம்மாகிட்ட சொல்ல வேண்டாம், அவ தாங்க மாட்டான்னு ரெண்டு பேருமா முடிவு பண்ணோம்."

"எனக்கு ஈஸ்டர்லயே தெரியும்!"

"தெரியுமா?" வாயைப் பிளந்தார். "அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான்!"

இரண்டு பேரும் கொடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக முட்டாள்கள் மாதிரி நின்றோம். அவனை வர வேண்டாம் என்றதும் இதனால்தானாம். இன்றைக்கு அவன் ஊரில் இருந்தால், பிள்ளைதான் சாமியைக் கெடுத்தான் என்று பழி அவன் தலையில் விழுமாம். இத்தனை நாள் தனிக் களி வைத்தேனே.

"முப்பது வராது. நம்ம ஊர்லேருந்து வராது" என்றார். பிறகு சட்டென்று, "நீ போகலல்ல?"

நான் குலையைப் பார்த்தேன்.

"அக்லையா!"

"'இல்லை'தான் குத்தினேன்!"

"அடியே, அதுவும் கணக்குல சேந்திருமே! அதுக்குத்தான போகாதன்னு சொன்னேன்!" தலையில் அடித்துக்கொண்டார், கையில் இருந்த சாறு நெற்றியெல்லாம். "ஊர் முழுக்க நான் தடுத்தேன், ஒருத்தியத் தடுக்க முடியல."

"காரணத்தச் சொன்னா என்னவாம் வாயில?"

"சொன்னா நீ நம்பியிருப்பியா?"

மாட்டேன்தான்.


அக்டோபர் 8 — திங்கள்

நாடு முழுக்கச் சேர்த்தும் முப்பதைத் தொடவில்லை. செல்லாது.

எங்கள் ஊர்ப் பெட்டியில் விழுந்ததே கைவிரல் கணக்கு. அதில் ஒரே ஒரு 'இல்லை'. யாருடையது என்று ஊரே ஆராய்ச்சி செய்கிறது. கிளிகேரியா ஆராயவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே மெழுகுவத்தி அடுக்குகிறாள்.

மழை பெய்யவில்லை.


அக்டோபர் 22 — திங்கள்

இன்னும் பெய்யவில்லை. தலைமைக் குரு இவரை டவுனுக்கு வரவழைத்தார். திரும்பி வந்து தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"என்ன கேட்டாங்க?"

"மழை எங்கன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"முழங்காலுக்கு வயசாயிடுச்சின்னேன்."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இவரை மாற்றப்போவது மலைமேல் ஒரு ஊருக்காம். பதினெட்டு வீடாம். திராட்சை அங்கே விளையாதாம்.


டிசம்பர் 2 — ஞாயிறு

பூசைக்குப் பின் கோஸ்தாகே ஒரு பீப்பாய் புதுத் திராட்சரசத்தை வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். "ஞாயித்துக்கிழமைப் பழம் சாமி. இவ்ளோ நல்லா எந்த வருஷமும் வந்ததில்ல" என்றான். இவன் எல்லாம் தெரிந்து சொல்கிறானா, தெரியாமல் சொல்கிறானா? ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? எத்தனை பேர் அன்றைக்கே புரிந்துகொண்டு கூடையைத் தூக்கினார்கள்? இனி எவர் முகத்தைப் பார்த்தாலும் இதே யோசனைதான் எனக்கு.


பிப்ரவரி 16, 2019 — சனி

வீடு மாறியாயிற்று. புது வீட்டில் ஜன்னல் சின்னது, பனி பெரியது. கணப்பு புகைகிறது.

திபி லாரி கொண்டுவந்திருந்தான். முன் இருக்கையில் ரெமுஸ். இறங்கி என்னிடம் ஒரு பொட்டலத்தை நீட்டினான். பிரித்தால் கோப்பை. "அன்னிக்கி ஒடச்சேன்ல" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

வலேரியன் அவனோடு கை குலுக்கினார். "வாங்க, பயணம் சௌகரியமா இருந்ததா?" என்று கேட்டார். வாங்க, போங்க. பிஷப்பிடம் பேசுகிற மாதிரி. திராட்சைக் கொடிக்கு நடுவே அங்கியை இடுப்பில் சொருகிக்கொண்டு நின்ற மனுஷன் எங்கே போனான்? அதெல்லாம் திபிக்காக மட்டும்தானா? சாப்பாட்டின்போதும் "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க" என்றார். ரெமுஸ் பயத்திலேயே எடுத்து எடுத்துச் சாப்பிட்டான். திபி என்னைப் பார்த்தான். நான் உப்பைப் பார்த்தேன்.

பிறகு இரும்பு அடுப்பை இறக்கினார்கள். திபி ஒரு பக்கம், ரெமுஸ் ஒரு பக்கம், வாசல்படியில் பின்பக்கமாக ஏறிக்கொண்டு இவர். பனியில் ரெமுஸின் கால் வழுக்கியது, அடுப்பு சாய்ந்தது, இவருடைய கட்டைவிரல் நிலைப்படியில் நசுங்கியது.

"டேய் தடிமாடு! கண்ணு பொடனியிலயா இருக்கு? நிமித்திப் புடிடா!"

ரெமுஸ் வெலவெலத்துப் போய் நிமிர்த்திப் பிடித்தான். திபி தன் பக்கத்தைப் பிடித்தபடியே அசையாமல் நின்றான். அவன் கண் நிறைந்துவிட்டது.

"என்னடா ரெண்டு பேரும் செல மாதிரி நிக்கிறீங்க? தூக்குங்கடா!" என்றார் இவர், விரலை வாயில் வைத்துக்கொண்டு.

நான் உள்ளே போய்ப் பெரிய அறையில் இரண்டு பேருக்கும் படுக்கை விரித்தேன்.