வேலியோரம் அவிழ்த்த ரொட்டி

அயோவா,
1871 நவம்பர்

அன்பு மகள் கெசியாவுக்கு,

அம்மா எழுதுவது. ஆரிகனில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் கர்த்தர் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம். உங்கப்பாவுக்கும் சேர்த்து அப்படி எழுத முடியவில்லை, தாயே. போன வியாழக்கிழமை விடியற்காலையில் அவர் போய்விட்டார். உட்கார்ந்துகொண்டு மேலே படி.

செப்டம்பர் கடைசியில் அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. உனக்கு எழுதக் கூடாது என்று ஒரே அடம். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, இளவயதில் ஒற்றைக் கோடரியோடு இந்தப் புல்வெளிக்கு வந்தவர், கிணறு தோண்டியதும் வீடு கட்டியதும் தன் கையால்தான், யாரிடமும் ஓர் ஆணி கேட்டதில்லை. ஊரில் யார் தொழுவம் எழுப்பினாலும் முதல் ஆளாகப் போய் உத்தரம் தூக்குவார், ஆனால் அந்த வீட்டு மேசையில் மட்டும் உட்காரமாட்டார், நான் துணியில் கட்டிக்கொடுத்த சோள ரொட்டியை வேலியோரம் தனியாகத் தின்றுவிட்டு வருவார். வயிற்றுக்காக வந்தவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். சமைத்து வைத்துக் காத்திருந்த பெண்களின் முகத்தை நான்தானே பார்க்க வேண்டியிருந்தது, எத்தனை தரம் கூனிக்குறுகியிருப்பேன்.

அவர் படுத்தபோது மக்காச்சோளம் முழுவதும் ஒடிக்காமல் நின்றது. பனி கொட்டிவிட்டால் குளிர்காலத்துக்கு மாட்டுக்கும் பன்றிக்கும் என்னத்தைப் போடுவது? பக்கத்துப் பண்ணை ஆல்சனைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். கூப்பிட்டுப் பாரு, அப்புறம் என் மூஞ்சியில முழிக்காதே என்றார். வாய் கோணிப் பேச்சு குழறினாலும் அதட்டலுக்குக் குறைவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் பார்த்தால் ஆல்சனும் ஏழெட்டுப் பேரும் வண்டிகளோடு சோளக்காட்டுக்குள் நிற்கிறார்கள். யாரும் அழைக்கவில்லை. உங்கப்பா கட்டிலை ஜன்னலருகே நகர்த்தச் சொல்லி முறைத்துக்கொண்டே கிடந்தார். நான் அவசர அவசரமாகப் பன்றித்தொடையை வேகவைத்து மதியம் சாப்பிடக் கூப்பிட்டேன். ஒருவரும் வரவில்லை. வேலியோரம் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு துணியை அவிழ்த்தார்கள். ஆல்சன் ஜன்னலைப் பார்த்து, ஹைரம், உன் வழக்கம் இதுதானே, எங்களுக்குத் தெரியாதா என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள்.

உங்கப்பா சிரிக்கவில்லை. அவர்கள் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, என் காட்டுல பாடுபட்டுட்டு என் வூட்டுல கை நனைக்கமாட்டேங்கறானுங்களே லவீனா, நெஞ்சு எரியுது, அவங்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா என்று கேட்டார். என்னைத் தூக்கி மேசைக்குக் கொண்டுபோகச் சொல்லு, நானே கூப்பிடறேன்னு சொல்லு என்றார். ஆல்சனே வந்து தூக்கினார், எல்லாரும் உள்ளே வந்தார்கள். இறைச்சியை வெட்ட உங்கப்பாவுக்குக் கை வரவில்லை. ஆல்சன் நறுக்கித் தட்டில் வைத்தார். உங்கப்பா தின்றார், கெசியா. ஆல்சன் வீட்டு ரொட்டியிலும் ஒரு துண்டு கேட்டு வாங்கித் தின்றார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

குழியையும் அவர்கள்தான் வெட்டினார்கள். களஞ்சியம் நிறையச் சோளம் இருக்கிறது, என்னைப் பற்றிக் கவலை வேண்டாம், இந்தக் குளிரில் கைக்குழந்தையோடு மலை தாண்டிக் கிளம்பாதே. கர்த்தர் உங்கள் மூவரையும் காக்கட்டும். மாப்பிள்ளையும் உங்கப்பா மாதிரியே தன் கையை நம்புகிறவர், நல்லதுதான். ஆனால் அடுத்த வீட்டு வேலைக்கு அவர் போகும்போது நீ ரொட்டி கட்டிக்கொடுக்காதே. வெறுங்கையோடு போகட்டும்.

உன் அம்மா,
லவீனா