திருப்பிப் பார்க்க முடியாத மாத்திரை

என் செல்வத்துக்கு,

உன்னைக் கொண்டுபோன நோய் எனக்கும் வந்திருக்கிறது தம்பி. அதே நுரையீரல் தழும்பு. வேலூரில் எடுத்த ஸ்கேன் படத்தில் உன்னுடையதைப் போலவே அடியில் தேன்கூடு மாதிரி தெரிந்தது.

எனக்கு முன்னால் ஷகீலாவுக்குத் தெரிந்துவிட்டது. நம் ஆம்பூர் குடோனில் துண்டுத் தோலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தவள், மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து நான் வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உள்ள செல்வண்ணன் இருமுற மாதிரியே கேட்டுச்சு. பேஜாரா இருக்கு, நான் வூட்டுக்குப் போறேன்" என்றாள். இருமியது நான்தான்.

அன்றிலிருந்து எனக்கும் அப்படியே கேட்கிறது. வாய் என்னுடையது, இருமல் உன்னுடையது. கடைசியில் ஒருமுறை கனைப்பாயே, அதுகூட வருகிறது. நீதானா?

நீ சாப்பிட்ட அந்தப் புது மாத்திரையை இன்னும் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது. நான் தோலைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கியதே இல்லை; மாத்திரையை எப்படித் திருப்பிப் பார்ப்பது? அசல் மருந்துக்கு வயிற்றால் போகும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். உனக்கும் போனதும், அசல் சரக்குதான் என்று முடிவு கட்டிவிட்டோம். "ஓசி மாத்திரைக்கு இன்னா பவருக்கா" என்று சிரித்தாய். உன் மனைவி கற்பகம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினாள்.

போன வாரம் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "வயித்தால போனா அது மருந்துதானே?"

"மாவு சாப்பிட்டவங்களுக்கும் போகுதும்மா" என்றார்.

அப்படியானால் நீ மருந்து இருந்தும் போனாயா, இல்லாமல் போனாயா? உனக்குத் தந்தது மருந்து என்றால் எனக்கும் நம்பிக்கை கம்மி. மாவு என்றால் எனக்கு வழி இருக்கிறது. உனக்கு மாவுதான் கிடைத்திருக்க வேண்டும் என்று என் மனசு வேண்டிக்கொள்கிறது செல்வம். கற்பகம் எதிரே வந்தால் வேறு தெருவில் திரும்பிவிடுகிறேன்.

நானும் அந்தச் சோதனையில் சேர்ந்துவிட்டேன். வயிறு என்ன செய்தாலும் கணக்குப் போடமாட்டேன், பாதியில் விடமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

டாக்டரம்மாவிடம் பேசி முடித்தது இதுதான்: எனக்குத் தருவது எது என்று நான் கேட்கக்கூடாது. வேண்டாமென்றால் எப்போதும் விலகலாம். சோதனை முடிந்து விவரத்தைத் திறக்கும்போது, உனக்குத் தந்தது எது என்று என்னிடம் சொல்வார்கள். நான் இல்லாவிட்டால் கற்பகத்திடம்.

உன் கூடப் பிறந்தவள்,
ராஜேஸ்வரி அக்கா