மூலை வெட்டிய அறுபது தாள்கள்

பெரியவளுக்கு,

நாங்கள் மூவரும் வேளைக்குச் சாப்பிட்டு, வேலைக்குப் போய் வந்து, குறையில்லாமல் இருக்கிறோம், உன் உடம்பும் அப்படியே இருக்கட்டும். கண்ணில் மருந்து விட்டிருப்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, குளியலறைக் குழாயும் மாற்றியாயிற்று. கல்லூரிப் பிள்ளைகள் இணையத்தில் செய்கிற தப்புகளை அளக்க உன் ஆராய்ச்சிக்காக நீ அனுப்பிய அறுபது கேள்வித் தாள்களையும் எங்கள் கல்லூரியில் கொடுத்து வாங்கிவிட்டேன், ஆனால் ஒரு தவறு செய்துவிட்டேன். ரோல் நம்பர் இல்லாத தாளைத் திருப்பிக் கொடுத்தே இருபது வருஷம் அலுவலகச் சன்னலில் பழகிய கை இது. பெயர் எழுதக் கூடாது என்றுதானே போட்டிருக்கிறாய், நம்பர் எழுதலாம் என்று நினைத்து, எல்லாரையும் மேல் மூலையில் எழுத வைத்தேன். ஐம்பத்தொன்பது பேர் முப்பது கேள்விக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்றே டிக் போட்டிருந்தார்கள். உன் தங்கை புரட்டிப் பார்த்து, “இவங்க யாரும் போனே வச்சிக்கலையாம்மா” என்று கேட்டபோதுதான், நம்பருக்குப் பயந்து போட்ட டிக் என்று எனக்கு உறைத்தது.

ஒரே ஒரு பெண் மட்டும் உள்ளதை எழுதியிருந்தாள், இணையத் தேர்வை அக்காவை உட்கார வைத்து எழுதினாளாம். நம்பரோடு அது வெளியே போனால் அவள் படிப்பே போய்விடும். அதற்குள் நம்பர் விஷயம் துறைத் தலைவர் காதுக்கு எட்டி, “நாளைக்கு அந்தத் தாளெல்லாம் என் மேசைக்கு வரணும், யார் யார்னு பார்த்திடலாம்” என்றார். வீட்டில் உட்கார்ந்து அறுபது மூலையையும் கத்தரித்து அடுப்பில் போட்டுவிட்டு, மறுநாள் கொண்டுபோய் வைத்தேன். மூலை எங்கே என்றார். “கேக்கக் கூடாத நம்பரைக் கேட்டுட்டேன் சார், அதான் வெட்டிட்டேன்” என்றேன். எழுத்தில் விளக்கம் கேட்டார், கொடுத்திருக்கிறேன். என்ன செய்வார்களோ தெரியாது, நீ கவலைப்படாதே. அந்தப் பெண் நேற்று சன்னலுக்கு வந்து, பேனா மூடியைத் திருகிக்கொண்டே நின்றாள். உன் தாளில் நம்பர் இல்லை, போய் வகுப்பில் உட்கார் என்றேன்.

நம்பர் விஷயம் தெரியாமல், இந்த அறுபதையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன் என்று போனில் சொன்னாயே, அது வேண்டாம். அம்மா கெடுத்துவிட்டாள் என்று உன் கைடிடம் என் பேரிலேயே சொல்லிவிடு. ஆறு மாதம் தள்ளிப் போனால் போகட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, நல்லபடியாக முடித்து வா. புதுத் தாளில் நம்பரும் எழுதக் கூடாது என்று பெரிய எழுத்தில் போடு, எல்லா அலுவலகச் சன்னலிலும் என்னைப் போல ஒருத்தி இருப்பாள்.

என்றும் உன் நலம் விரும்பும்,
அம்மா