ஒரு சின்னத் திருத்தம்

மார்ச் 6
சலூன், பகல் ஓய்வில்

கடல் தாண்டிப் போய்ச் சட்டம் சொல்லிக்கொடுக்கும் என் தங்க மருமகளுக்கு, சவரச் சக்கரவர்த்தியான உன் தாய்மாமன் எழுதுவது.

இங்கே எல்லாரும் நலம். உன் அம்மாவின் முழங்கால் வலி மட்டும் என்னைவிட அதிகமாகப் பேசுகிறது.

உன் கடிதம் வழக்கம்போல் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருந்தது. அரசியலமைப்பைத் திருத்தப் போகிறார்கள், பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். திருத்தியே விட்டார்கள். 'எவருடைய கடிதத்தின் இரகசியமும் மீறப்படலாகாது' என்று இருந்ததாம். நடுவில் 'தக்க காரணமின்றி' என்று இரண்டே வார்த்தை நுழைத்திருக்கிறார்கள். எதையும் வெட்டவில்லை, கூட்டத்தான் செய்திருக்கிறார்கள். நான் ஒவ்வொரு வரியிலும் பத்து வார்த்தை கூட்டுகிறேன், யாருக்காவது காய்ச்சல் வந்ததா? நானும் திருத்துகிறவன்தான். என் போர்டிலேயே 'முடிதிருத்தகம்' என்று போட்டிருக்கிறது. திருத்தினால் ஆளுக்குக் களைதான் கூடும்.

இன்று காலை சபாநாயகர் என் நாற்காலியில்தான் இருந்தார். கழுத்தில் கத்தியை வைத்தேன். மூச்சுக்கூட விடவில்லை மனுஷன். "கொஞ்சம் அழுத்தினா சபையே கலைஞ்சிடும்ல?" என்று கேட்டேன். "பார்த்து, மாஸ்டர்" என்று கெஞ்சினார். உன்னைப் பற்றியும் சொல்லிவைத்தேன். என் மருமகள் அங்கிருந்து ஒரு கையெழுத்துப் போட்டால் உங்கள் திருத்தம் மொத்தமும் சுருண்டுவிடும் என்று. வெலவெலத்துப் போய்விட்டார்.

ஜூனில் விடுமுறைக்கு வரும்போது அந்த ஊர்க் கத்தி ஒன்று, நல்ல கூராகப் பார்த்து, வாங்கி வா.

உன் மாமன்,
பாதி மந்திரிசபையின் தாடைக்குப் பொறுப்பாளன்


மார்ச் 19

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. உறையைப் பிரித்து, பழுப்பு நாடா ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். நாடாவின் மேல் ஒரு முத்திரை: 'தக்க காரணத்துடன் பார்வையிடப்பட்டது.' அதைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வகுப்பில் தினமும் பேசுகிற விஷயம்தான். நம் வீட்டு உறையில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

அந்தக் காரணம் தக்கதா என்று யார் சொல்வது, மாமா? முன்பு நீதிபதியிடம் கேட்க வேண்டும். இனிப் பிரிக்கிறவரே சொல்லிக்கொள்ளலாம். நீங்கள் திருத்தினால் முடி மறுபடி வளரும். இது வளராது.

சபாநாயகர் உங்கள் கடைப் பக்கமே வந்ததில்லை என்று எனக்குத் தெரியும். பிரித்தவருக்குத் தெரியாதே. கழுத்து, கத்தி என்றெல்லாம் இனி எழுதாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜூனில் கட்டாயம் வருகிறேன். அம்மாவிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
மருமகள்


ஏப்ரல் 8

மருமகளே,

இதை எதிர்வீட்டு நர்ஸ் கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் ஊர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர வருகிறாள். தபாலில் போடத் தைரியம் இல்லை.

விசாரணைக்கென்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நாற்காலியில் பாதிச் சவரத்தில் இருந்தவர் ஒரு கன்னத்து நுரையோடு தெருவில் இறங்கி ஓடினார். அங்கே ஒரு அறை, ஒரு மேசை, கடகடவென்று ஒரு மின்விசிறி. மேசைமேல் உனக்கு நான் எழுதிய கடிதங்களின் நகல்கள், வரிக்கு வரி சிவப்புக் கோடு. என் எழுத்தை இவ்வளவு அக்கறையாக யாரும் படித்ததில்லை. முதலில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"கழுத்துல கத்தி வெச்சேன்னு எழுதியிருக்கீங்க."

"சவரம் சார்."

"சபாநாயகருக்கா?"

"இல்ல சார், அவர் டிரைவருக்கு. மத்ததெல்லாம் சும்மா அளந்து விட்டது."

"ஓ, அவர் எங்க போறார், எப்ப வர்றார்னு டிரைவர்கிட்ட கேட்டுக்கிட்டீங்க."

"அந்த ஆள் உட்கார்ந்ததுமே தூங்கிடுவார் சார்."

"வெளிநாட்டுல இருந்து கத்தி எதுக்கு?"

"நான் வேற எதுக்கு சார் கத்தி கேட்பேன்?"

"எல்லாம் பொய்னா, இதையெல்லாம் எழுதாதீங்கன்னு உங்க மருமக ஏன் பதறி எச்சரிக்கை பண்றாங்க?"

இவன் பேச்சை நம்பாதே என்று சொல்லிச் சொல்லியே ஊர் என்னோடு சிரித்திருக்கிறது. நான் சொன்னதை அப்படியே நம்புகிற ஆளை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு உன் கையெழுத்தைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்டார்கள். எந்தக் காகிதத்தில், யார் சொல்லி, கூட யார் யார் என்று. அது மாமனின் பீற்றல், பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்றேன். குறித்துக்கொண்டார்கள். கடைக்குப் பூட்டு.

வெளியே விடும்போது, "இனிமே ஜோடனை இல்லாம எழுதிப் பழகுங்க" என்றார் அந்த அதிகாரி. வீட்டில் வந்து சொன்னேன். உன் அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "ஏண்டா, ஜோடனை இல்லாம நீ மூணு வரி எழுதினா, யாரோ உன் கையைப் பிடிச்சு எழுத வைக்கறாங்கன்னு அவளுக்குத் தெரியாதா?" என்றாள்.

உன் மாமன்


ஏப்ரல் 30

அன்புள்ள மருமகளுக்கு,

நான் நலம். உன் அம்மா நலம். கடை திறந்திருக்கிறது. விசாரணை முடிந்துவிட்டது. அதிகாரிகள் மரியாதையாக நடந்துகொண்டார்கள். நீ திட்டமிட்டபடி ஜூனில் வரவும். விமானம் வரும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே தெரிவிக்கவும். உன் ஆராய்ச்சிக் காகிதங்களையும் கொண்டு வரவும்.

இப்படிக்கு,
மாமா


மே 12

சவரச் சக்கரவர்த்தியான என் மாமாவுக்கு, கடல் தாண்டிப் போயும் உங்கள் புகழ் பாடும் மருமகள் எழுதுவது.

உங்கள் கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்தேன். வரிகள் கோணாமல் நேராக இருந்தன. கதவைச் சாத்தக்கூட மறந்துவிட்டேன்.

ஜூனில் வர விடமாட்டார்கள் போலிருக்கிறது. நான் ஊருக்குக் கிளம்புகிறேன் என்று கேட்டதும் பல்கலைக்கழகத் தலைவர் என் வாசற்படியில் வந்து படுத்துவிட்டார். "நீங்க போனா கட்டடம் விரிசல் விட்டுடும்" என்கிறார். மாணவர்கள் விமான நிலையத்துக்குப் போகிற சாலையையே தோண்டிப் போட்டிருக்கிறார்கள். விமானி நேரில் வந்து, என் அறிவின் கனத்துக்கு விமானம் எழும்பாது என்று கையை விரித்துவிட்டார். ஆராய்ச்சிக் காகிதங்களை ஒரு ஆடு தின்றுவிட்டது. அது இப்போது என்னைவிட நன்றாகச் சட்டம் பேசுகிறது.

இந்த விடுமுறைக்கும் வழியில்லை, அடுத்ததற்கும் வழியில்லை. ஆடு அப்படித்தான் சொல்கிறது.

இதை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கட்டும். எழுதும்போது நான் கொஞ்சமும் அழவில்லை என்றும் சொல்லுங்கள்.

உங்களிடமே பாடம் கற்ற,
மருமகள்